'பாட்டி' என்று கூப்பிடாதீங்க!

குட்டிகளே, உங்கள் வகுப்பில் யாருக்காவது 'தாத்தா' என்றோ 'பாட்டி' என்றோ பட்டப்பெயர் உண்டா? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது? தலையில் எட்டிப் பார்க்கும் நாலைந்து வெள்ளை முடிகளால்தான் வந்திருக்கும். கூப்பிடுகிறவர்களுக்கு அது விளையாட்டு. கூப்பிடப்படுகிறவருக்கு?

புதுச்சேரியில், விழுப்புரம் சாலையில் உள்ள மூலக்குளத்தில் நான் குடியிருக்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும், மாலையில் தெருப் பிள்ளைகள் சந்தேகம் கேட்க வந்துவிடுவார்கள். பெரும்பாலும் கணக்குச் சந்தேகம்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் ஒருநாள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, வேறு சந்தேகம் கேட்டாள். (அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபித்துக்கொள்வாள்.)

"டீச்சர், எனக்கு இப்பவே முடி நரைக்குது. அப்போ நான் சீக்கிரமே கிழவியாகி, சீக்கிரமே செத்துப் போயிடுவேனா?"

சிரிக்காதீர்கள். அந்தப் பெண் மூன்று மாதமாக இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு தூங்கப் போயிருக்கிறாள். வெள்ளை முடியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி, உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சொட்டை விழுந்துவிட்டது. போதாததற்கு அத்தை வீட்டில் இருந்த கருப்புச் சாயத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பூசியிருக்கிறாள். மறுநாள் நெற்றியும் கண் இமையும் வீங்கிவிட்டன. இத்தனையும் எதற்காக? விரல் விட்டு எண்ணக்கூடிய நரைமுடிக்காக!

அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன். முதல் வரியிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இளநரைக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லை. முடி நரைத்தால் உடம்பு கிழடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

முடிக்குச் சாயம் போடுவது யார்?

நெசவு நடக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கலர் சேலை நெய்ய வேண்டுமென்றால், முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். பிறகுதான் அந்த நூல் தறிக்குப் போகும். நம் முடியும் அப்படித்தான். தோலுக்கு அடியிலேயே சாயம் ஏற்றிக்கொண்டு, பிறகுதான் வெளியே வருகிறது.

தோலுக்குள் முடி முளைக்கும் சின்னஞ்சிறு பைக்கு மயிர்க்கால் என்று பெயர். ('மயிர்' என்ற சொல்லைப் பார்த்ததும் சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிகிறது. அது நல்ல தமிழ்ச் சொல்தான். திருவள்ளுவரே பயன்படுத்தியிருக்கிறார். நாம்தான் அதைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம்.) நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவைதான் சாயக்காரர்கள். மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரித்து, வளர்ந்துகொண்டிருக்கும் முடிக்குள் செலுத்துவது அவற்றின் வேலை. நம் தோலுக்கும் கண்ணின் கருவிழிக்கும் நிறம் கொடுப்பதும் இதே மெலனின்தான்.

மெலனினில் இரண்டு வகை உண்டு. ஒன்று கருப்பும் பழுப்பும் தரும். இன்னொன்று மஞ்சளும் சிவப்பும் தரும். நமக்கு முதல் வகை அதிகம். அதனால் நம் முடி கருப்பு. வெள்ளைக்காரர்களில் சிலருக்கு முடி செம்பட்டையாக இருக்கிறதே, அவர்களுக்கு இரண்டாவது வகை அதிகம்.

சரி, சாயக்காரர் வேலைக்கு வராவிட்டால்? நூல் உற்பத்தி நிற்காது. முடி வழக்கம்போல் வளரும். ஆனால் சாயம் இல்லாமல் வெளியே வரும். அதுதான் நரை!

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நரைமுடிக்குள் வெள்ளைச் சாயம் எதுவும் கிடையாது. அது நிறமே இல்லாத முடி. பிறகு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? அம்மாவிடம் கேட்டு ஒரு துண்டு டைமண்டு கற்கண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். இப்போது அதைச் சிறு உரலில் போட்டு இடியுங்கள். பொடி பளிச்சென்று வெள்ளையாகிவிடும். நீங்கள் வெள்ளை எதையும் சேர்க்கவில்லையே! வெளிச்சம் நுணுக்கமான துகள்களில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுவதால் அப்படித் தெரிகிறது. நரைமுடியும் அப்படித்தான். பனிக்கரடியின் ரோமம்கூட உண்மையில் நிறமற்றதுதான். நம் கண்ணுக்குத்தான் வெள்ளை. (சோதனை முடிந்ததும் கற்கண்டுப் பொடியை என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.)

ஒரே இரவில் நரைத்த ராணி

நம் புதுச்சேரி ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அப்படி ஆண்ட மன்னர்களில் ஒருவர் பதினாறாம் லூயி. அவருடைய மனைவி மேரி அந்துவானெத். பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும், 1791-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரச குடும்பம் மாறுவேடத்தில் பாரீஸை விட்டுத் தப்பி ஓடியது. வரேன் என்ற ஊரில் பிடிபட்டது. அந்தப் பயத்தில் ராணியின் முடி ஒரே இரவில் எழுபது வயதுக் கிழவியின் முடிபோல வெளுத்துவிட்டது என்று அவரிடம் வேலை பார்த்த அம்மையார் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்தார். 1793 அக்டோபர் 16 அன்று ராணிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது வயது 37தான். அதே வருடம் ஆகஸ்டில்தான் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள்.

"அதிர்ச்சியில் ஒரே ராத்திரியில் தலை நரைத்துவிட்டது" என்று நம் ஊரிலும் சொல்கிறார்கள் அல்லவா? அது நடக்குமா? நீங்களே கணக்குப் போடுங்கள்.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது. நகம் மாதிரி. அதனால்தான் முடி வெட்டும்போது வலிப்பதில்லை. அது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நூல். உள்ளே ஏற்றிய சாயம் உள்ளேயே இருக்கும். பயமோ கவலையோ அந்த நூலைத் தொட முடியாது. மயிர்க்காலில் இன்று சாயம் நின்றுபோனால், இனி வளரும் பகுதிதான் வெள்ளையாக இருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ராணியின் முடி நீளம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி முதல் நுனி வரை வெள்ளையாக எத்தனை மாதம்? 30 மாதம். அதாவது இரண்டரை வருடம்! ஒரே இரவு எங்கே, இரண்டரை வருடம் எங்கே?

அப்படியானால் அந்த அம்மையார் பொய் சொன்னாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உடம்பின் காவல் செல்களே தவறுதலாக மயிர்க்கால்களைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. அதில் சில பேருக்குக் கருப்பு முடிகள் மட்டும் முதலில் கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். ஏற்கெனவே இருந்த வெள்ளை முடிகள் மிஞ்சி நிற்கும். பார்ப்பவர்கள் சட்டென்று நரைத்துவிட்டது என்று நினைப்பார்கள். ராணிக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கால பிரெஞ்சு அரண்மனையில் பணக்காரர்கள் எல்லாம் தலைமுடியில் வெள்ளைப் பொடி தூவிக்கொள்வது நாகரிகம்! நாம் வெள்ளையைக் கருப்பாக்கப் படாதபாடு படுகிறோம். அவர்கள் இருந்த நிறத்தை வெள்ளையாக்கினார்கள்.

நரைக்காத புலவர்

நரைத்த கதை பார்த்தோம். நரைக்காத கதை ஒன்று நம் தமிழில் இருக்கிறது, சங்க காலத்திலேயே.

பாண்டிய நாட்டில் பிசிர் என்ற ஊரில் ஆந்தையார் என்ற புலவர் இருந்தார். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்கும் அவருக்கும் நல்ல நட்பு. ஆனால் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை! சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோதுதான் பிசிராந்தையார் தேடி வந்து சேர்ந்தார். அங்கிருந்த சான்றோர்கள் அவரைப் பார்த்ததும் திகைத்துப் போனார்கள். "உங்களைப் பற்றிப் பல வருடமாகக் கேள்விப்படுகிறோம். ஆனால் உங்களுக்கு நரையே இல்லையே!" என்று கேட்டார்கள். புலவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191-ஆவது பாட்டாக இருக்கிறது. மனைவியும் மக்களும் நல்லவர்கள். வேலை செய்கிறவர்கள் என் மனம்போல நடப்பவர்கள். மன்னன் தவறு செய்யாமல் காப்பவன். எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமுள்ள சான்றோர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது அந்தப் பாட்டின் பொருள். கவலை இல்லை, அதனால் நரை இல்லை என்கிறார்!

இந்தப் புலவரை வைத்து நம் புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசன் 'பிசிராந்தையார்' என்று ஒரு நாடகமே எழுதினார். அவர் 1964-இல் மறைந்த பிறகு, 1969-இல் அந்த நாடகத்துக்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

கவலைக்கும் நரைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? இரண்டாயிரம் வருடத்துக்கு அப்புறம் விஞ்ஞானிகள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கருப்பு எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கடும் மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளுக்கு வெள்ளை ரோமம் முளைத்தது. மன அழுத்தம் வந்தால் மயிர்க்காலைச் சுற்றியுள்ள நரம்புகளில் இருந்து ஒரு ரசாயனம் சுரக்கிறது. புதிய நிறமிச் செல்களை உண்டாக்குவதற்காகச் சேமித்து வைத்த மூலச் செல்கள் எல்லாம் அதனால் ஒரே நேரத்தில் செலவழிந்து தீர்ந்துவிடுகின்றன. விதைநெல்லையும் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன விதைப்பது? அந்த நிலைமைதான்.

2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் மனிதர்களின் முடியையே ஆராய்ந்தார்கள். பதினான்கு பேர் தங்கள் முடியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முடியையும் நுணுக்கமாகப் படமெடுத்துப் பார்த்தால், அடியிலிருந்து நுனிவரை நிறம் எப்போது மாறியது என்று நாட்குறிப்புப் படிப்பதுபோலப் படிக்கலாம். அதில் ஒருவருக்கு, விடுமுறைக்குப் போய் வந்த சமயத்தில் ஐந்து வெள்ளை முடிகள் மறுபடி கருப்பாக வளர்ந்திருந்தன! அதற்காக "லீவு விட்டால்தான் என் முடி கருப்பாகும்" என்று தலைமை ஆசிரியரிடம் போய் நிற்காதீர்கள். ஐந்தே ஐந்து முடிதான். வயதானவர்களின் முழு நரையும் இப்படித் திரும்பிவிடாது என்று அந்த விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே பிசிராந்தையார் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முழுக் காரணம் அதுவாக இருக்காது. என்னைக் கேட்டால், அவருடைய அப்பா அம்மாவுக்கும் நரை தாமதமாகத்தான் வந்திருக்கும் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் தெரியுமா?

கதவைச் சாத்திக்கொண்ட அப்பா

இளநரைக்கு முதல் காரணம் பரம்பரை. மூக்கும் உயரமும் அப்பா அம்மாவிடமிருந்து வருவதுபோல, எந்த வயதில் நரைக்க வேண்டும் என்பதும் மரபணுக்களில் எழுதப்பட்டு வருகிறது. 2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானிகள் தென் அமெரிக்க நாடுகளையும் மெக்சிகோவையும் சேர்ந்த 6000-க்கும் அதிகமானவர்களை ஆராய்ந்து, நரையோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஐ.ஆர்.எஃப்.4. இது ஒன்று மட்டும் அல்ல, வேறு மரபணுக்களும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன்பே நரைத்தால் அதை இளநரை என்கிறார்கள் மருத்துவர்கள். ஐரோப்பியர்களுக்கு 20, ஆப்பிரிக்கர்களுக்கு 30 என்று கணக்கு.

இதை அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் சொன்னபோது, "எங்க வீட்ல யாருக்கும் இல்லியே டீச்சர். அப்பாவுக்கே கருகருன்னு இருக்கே" என்றாள். அவள் அம்மாவைக் கடையில் பார்த்தபோது கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார். "அவருக்கா? எட்டாவது படிக்கும்போதே பாதி நரைச்சிடுச்சாம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, இவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கிட்டு டை அடிச்சிடுவார் டீச்சர். பிள்ளைக்குத் தெரிய வேணாம்னு."

பார்த்தீர்களா! அப்பா தன் நரையை மறைத்ததால், தனக்கு மட்டும்தான் ஏதோ வியாதி என்று பிள்ளை மூன்று மாதம் பயந்து கிடந்திருக்கிறாள். சாயம் பூசுவது பெரியவர்கள் இஷ்டம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளையிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் அப்பா தன்னுடைய பழைய பள்ளிக்கூட குரூப் போட்டோவை எடுத்துக் காட்டினாராம். இரண்டாவது வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பையன்! "அப்பாவுக்கு 46 வயசு டீச்சர், இன்னும் கபடி ஆடறார்" என்று மறுநாள் ஓடி வந்து சொன்னாள்.

ஊரில் சொல்வதெல்லாம் நிஜமா?

"ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும்." முளைக்காது. ஒரு மயிர்க்காலில் நடப்பது பக்கத்து மயிர்க்காலுக்குத் தெரியாது. பிடுங்கிய இடத்தில் மறுபடியும் ஒரு வெள்ளை முடி வரும், அவ்வளவுதான். ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் மயிர்க்கால் புண்ணாகும், சீழ் பிடிக்கும், கடைசியில் முடியே வராமல் போகலாம். ஒன்றிரண்டு உறுத்தலாக இருந்தால் பெரியவர்களிடம் கொடுத்து அடியோடு கத்தரிக்கச் சொல்லுங்கள்.

"நரைத்தவர் சீப்பில் தலை வாரினால் நமக்கும் நரைக்கும்." அடுத்தவர் சீப்பால் பேன் வரும், பொடுகுப் படை வரும். நரை வராது. அது தொற்றுநோய் இல்லை. அந்தப் பிள்ளை பக்கத்தில் தாராளமாக உட்காரலாம்.

"ராத்திரி பகலாகப் படித்தால் நரைக்கும்." இது படிக்கப் பிடிக்காதவர்கள் கிளப்பிய கதையாக இருக்க வேண்டும்! மூளை வேலைக்கும் முடி நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

"போர் தண்ணீரில் குளிப்பதால்தான்" என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும். ஆனால் சாயம் ஏறுவது தோலுக்கு அடியில் அல்லவா? அங்கே தண்ணீர் எப்படிப் போகும்? இதையே எண்ணெய்க்கும் சொல்லலாம். எண்ணெய் வைத்தால் முடி பளபளக்கும், உடையாது. நல்லதுதான். ஆனால் எண்ணெய் நிறமிச் செல்லை எழுப்பி வேலைக்கு அனுப்பாது. 'ஏழே நாளில் கருகரு முடி' என்று விளம்பரம் வந்தால், ஏழு நாளில் முடி கால் சென்டிமீட்டர்கூட முழுதாக வளராது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை? தட்டின் ஓரத்தில் ஒதுக்காமல் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. பரம்பரை நரையை அது கருப்பாக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

பரம்பரை இல்லாமலும் சில பேருக்கு இளநரை வரும். இங்கேதான் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். 'பித்த நரை' என்று சொல்லி எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் குறை தெரியாமல் போய்விடும்.

வைட்டமின் பி12 குறைந்தால் நரைக்கலாம். இந்த வைட்டமின் காய்கறியில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. இது குறைந்தால் நரை மட்டும் அல்ல, சோர்வு, கை கால் மரத்துப் போவது, நாக்கு சிவந்து எரிவது எல்லாம் வரும். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் நரைக்கலாம். இரும்புச் சத்துக் குறைவையும் மருத்துவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். தோலில் வெண்புள்ளி வந்த இடத்தில் முளைக்கும் முடியும் வெள்ளையாக இருக்கும். வெண்புள்ளி தொழுநோய் இல்லை, அதுவும் ஒட்டாது. சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் நரைப்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் யாராவது புகைத்தால் இந்த வரியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

புரதச் சத்து மிகவும் குறைந்த குழந்தைகளின் முடியில் ஒரு விசித்திரம் நடக்கும். சத்துக் குறைந்த மாதங்களில் வளர்ந்த முடி வெளிறியும், நல்ல சாப்பாடு கிடைத்த மாதங்களில் வளர்ந்தது கருப்பாகவும், ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரியும். கொடியில் உள்ள பட்டைகள்போல இருப்பதால் மருத்துவர்கள் இதற்குக் 'கொடி அடையாளம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல உணவு கொடுத்தால் நிறம் திரும்பிவிடும்.

ஆகவே வீட்டில் யாருக்கும் இளநரை இல்லாமல் உங்களுக்கு மட்டும் வந்தால், அல்லது நரையோடு சோர்வு, மூச்சிரைப்பு, எடை கூடுவது குறைவது என்று ஏதாவது சேர்ந்து வந்தால், அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டு ஜிப்மரில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். சத்துக் குறைவாலோ தைராய்டாலோ வந்த நரை, சிகிச்சைக்குப் பிறகு சில பேருக்குக் கருப்பாகத் திரும்புவதும் உண்டு. பரம்பரை நரைக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை.

சாயத்தைப் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். கருப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா பெனிலீன் டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சில பேருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி, தோல் கொப்பளித்துவிடும். அந்தப் பெண்ணின் இமை வீங்கியதும் இப்படிச் சாயம் பூசிய பிறகுதான். பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதின் பின்னால் ஒரு பொட்டு வைத்துச் சோதிக்கச் சொல்லி அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரியவர்கள்கூடப் படிப்பதில்லை. வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சே அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. தம்பி தங்கை கைக்கு எட்டும் இடத்தில் சாயப் பாட்டிலைப் பார்த்தால் உடனே அம்மாவிடம் சொல்லி மேலே வைக்கச் சொல்லுங்கள். 'கருப்பு மருதாணி' என்று கடையில் விற்பதிலும் இந்த ரசாயனத்தைக் கலப்பது உண்டு. வீட்டில் அரைக்கும் மருதாணி கருப்பே ஆகாது, சிவக்கும். அதுதான் நிஜ மருதாணிக்கு அடையாளம்.

நரையை விரும்பி வைத்துக்கொண்ட ராஜா

சோழ நாட்டில் சின்ன வயதிலேயே அரியணை ஏறிய ஒரு மன்னன் இருந்தான். கரிகாலன்தான் அவன் என்று சொல்வார்கள். ஒருநாள் வழக்கோடு முதியவர்கள் இருவர் வந்தார்கள். மன்னனைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. 'இந்தச் சின்னப் பையனுக்கு என்ன தெரியும்?' என்று நினைத்தார்கள். மன்னன் அதைப் புரிந்துகொண்டான். உள்ளே போய், நரைமுடி வைத்துக்கொண்டு முதியவர் வேடத்தில் வந்து உட்கார்ந்தான். இப்போது அவர்கள் நம்பிக்கையோடு வழக்கைச் சொன்னார்கள். தீர்ப்பையும் மனமார ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வேடத்தைக் கலைத்துக் காட்டியபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! பழமொழி நானூறு என்ற நூலில் இந்தச் சம்பவம் குறிப்பிடப்படுகிறது. தீர்ப்புச் சொன்ன மூளை அதேதான், தலைமுடிதான் வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் வீட்டில் உள்ளவர்களின் பெயர். அம்மா வழி, அப்பா வழி இரண்டும் வேண்டும். இரண்டாவதில் அவர்களுக்கு இப்போது என்ன வயது. மூன்றாவதில் முதல் நரை எந்த வயதில் வந்தது. எந்தப் பக்கத்தில் சீக்கிரம் நரைக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தாத்தா பாட்டி சந்தோஷமாகச் சொல்வார்கள். சாயம் பூசும் மாமா, சித்தப்பாக்களிடம் மட்டும் எல்லார் முன்னாலும் கேட்காமல், தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள். ஒரு கப் காபி எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.